கூடைப்பந்துத் தொழிலும் ராபர்ட்சன் வழக்கும்

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டம் தோன்றிய ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளாகவே அது கூலிக்கு ஆடப்படும் தொழிலாகவும் மாறிவிட்டது. அத்தொழிலின் தொடக்க காலத்தில் ஆட்டக்காரருக்கு விரும்பிய அணிக்கு மாறும் உரிமை இருந்தது, நிலையான ஊதியம் இல்லை. பின்னர் ஊதியம் நிலைபெற்றபோது உரிமை பறிபோயிற்று. இரண்டும் ஒருங்கே கைகூட 1988ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புள்ளிகளையும் கோப்பைகளையும் எண்ணுவதிலேயே நிறைவு கொள்கின்றனர் எனினும், ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கைப் போக்கைத் தீர்மானித்தவை ஒப்பந்தத் தாளில் இருந்த சில வரிகளும், அவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ள வேறொரு முதலாளி சந்தையில் இருந்தாரா இல்லையா என்பதுமே ஆகும். ஆட்டத்திறனில் தம் காலத்தவருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட ஆஸ்கர் ராபர்ட்சனின் பெயர் விதிநூல்களில் நிலைத்திருப்பதும் அவர் தொடுத்த வழக்கினால்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு நடத்திய பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் மாணவரை உள்ளரங்கில் ஈடுபடுத்துவதற்கான விளையாட்டாக 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை வகுத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டும் 13 விதிகளுமே அன்று அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஒய்.எம்.சி.ஏ.யின் கிளைகள் இருந்த இடமெல்லாம் ஆட்டம் பரவிற்று. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் அப்பரவலின் ஒரு கிளையே. ஆனால் அமெரிக்காவிலேயே, பத்துப் பேரும் ஒரு பந்தும் கூடம் முழுவதையும் அடைத்துக்கொள்வதையும், ஆட்டம் அடிதடியாக முடிவதையும் ஒய்.எம்.சி.ஏ. நிர்வாகிகள் விரைவில் வெறுக்கத் தொடங்கிப் பல ஊர்களில் அணிகளை வெளியேற்றினர். வெளியேறிய அணிகள் நடனக்கூடங்களையும் சங்கக் கட்டடங்களையும் வாடகைக்கு எடுத்தன. வாடகை கொடுக்க நுழைவுக் கட்டணம் வாங்க நேர்ந்தது. வாடகை போக மிஞ்சியதை ஆட்டக்காரர்கள் பங்கிட்டுக்கொண்டனர். இத்தொழிலின் பிறப்பு இவ்வளவு எளிமையானது. 1896இல் நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் நிகழ்ந்த இத்தகைய ஆட்டமொன்றே முதல் தொழில்முறை ஆட்டம் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

அக்கால ஆடுகளம் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடியது. களத்தைச் சுற்றிக் கம்பி வலையாலோ கயிற்று வலையாலோ உயர்ந்த கூண்டு அமைக்கப்பட்டிருந்ததால் பந்து எல்லைக்கு வெளியே போவதென்பதே இல்லை. வலையில் மோதித் திரும்பும் பந்தைத் தொடர்ந்து ஆடலாம். எதிராளியையும் வலையோடு சேர்த்து நெருக்கலாம். கம்பி கிழித்த காயங்களும் கயிறு உராய்ந்த தழும்புகளும் இத்தொழிலின் அடையாளங்களாயின. கூண்டு மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னரும் அமெரிக்கச் செய்தித்தாள்கள் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் ‘கூண்டுக்காரர்கள்’ என்றே எழுதிவந்தன.

1898இல் பிலடெல்பியாவையும் நியூ ஜெர்சியையும் சார்ந்த அணிகள் கூடி முதல் தொழில்முறை லீக்கை, அதாவது ஒரே விதிகளுக்கு உட்பட்டு ஒரு பருவம் முழுவதும் தமக்குள் மோதும் அணிகளின் கூட்டமைப்பை, நிறுவின. அது சில ஆண்டுகளே நீடித்தது. அதன்பின் தோன்றிய வட்டார லீக்குகளும் மில் ஊர்களையும் சுரங்க ஊர்களையும் நம்பி எழுந்து, அவ்வூர்களின் வருவாய் தாழ்ந்தபோது தாமும் மறைந்தன. ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்றார். திங்களன்று ஓரணிக்கும் புதனன்று அதன் எதிரணிக்கும் ஆடுவதில் தடையேதும் இல்லை. யார் கூடுதலாகக் கொடுக்கிறாரோ அவர் பக்கம் சாய்ந்த இந்த ஏற்பாட்டில் திறமைக்கு உடனுக்குடன் விலை கிடைத்தது என்பது உண்மையே. முழங்கால் மடங்கிவிட்டால் மறுநாளே கூலி நின்றுவிடும் என்பதும் உண்மை.

இந்நிலையை முதலில் மாற்றியது நியூயார்க்கின் ஒரிஜினல் செல்டிக்ஸ் அணி. 1920களின் தொடக்கத்தில் அதன் உரிமையாளர், வேறெந்த அணிக்கும் ஆடக்கூடாது என்னும் நிபந்தனையுடன் பருவம் முழுவதற்கும் ஊதியம் பேசித் தம் ஆட்டக்காரர்களை ஒப்பந்தத்தில் கட்டினார். ஒரே ஐவர் நாள்தோறும் சேர்ந்து ஆடியதால் ஒருவர் அசைவை மற்றவர் அறிந்து ஆடும் கூட்டாட்டம் வளர்ந்தது. செல்டிக்ஸை வெல்வது அரிதாயிற்று. கட்டுப்பாடு ஆட்டக்காரருக்கு நன்மை செய்த காலம் ஒன்று இருந்தது என்பதைப் பின்வரும் செய்திகளைப் படிக்கும்போது மறந்துவிடலாகாது.

அதே பத்தாண்டில், 1923இல், ஹார்லெமின் ரெனசான்ஸ் நடனக்கூடத்தைத் தளமாகக் கொண்டு பாப் டக்ளஸ் அமைத்த கறுப்பின அணி ‘ரென்ஸ்’ என்று பெயர் பெற்றது. நடனத்துக்கு வந்தவர்கள் ஓரமாக நின்று பார்க்க, மெழுகு பூசிய வழுக்குத் தரையில் ஆட்டம் நடக்கும்; அது முடிந்ததும் இசைக்குழு மீண்டும் வாசிக்கத் தொடங்கும். 1925இல் உருவான அமெரிக்கன் கூடைப்பந்து லீக்கில் இவ்வணிக்கு இடமளிக்கப்படவில்லை. ஆகவே ரென்ஸ் தங்கள் பேருந்திலேயே ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்தனர்; வழியிலுள்ள விடுதிகள் கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்தமையால் ஏதேனும் ஒரு பெருநகரில் தங்கிக்கொண்டு, அங்கிருந்து நெடுந்தொலைவு சென்று ஆடி இரவோடிரவாகத் திரும்பினர். 1932–33 பருவத்தில் அவர்கள் தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றனர். 1939இல் சிகாகோவில் நடைபெற்ற உலகத் தொழில்முறைப் போட்டியின் முதற்பட்டமும் அவர்களுக்கே கிடைத்தது. திறமைக்குக் குறைவில்லாதபோதும் முதலாளிகளின் சந்தை ஒருவருக்கு முற்றாக அடைபட்டிருந்தால் அவர் நிலை என்னாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1937இல் தோன்றிய நேஷனல் கூடைப்பந்து லீக் தொழிற்சாலைகளின் பிள்ளை. ஏக்ரன் நகரின் டயர் நிறுவனங்களான குட்இயரும் ஃபயர்ஸ்டோனும் அதில் அணிகள் வைத்திருந்தன. ஃபயர்ஸ்டோன் தன் அணிக்கு ‘நான்-ஸ்கிட்ஸ்’, அதாவது வழுக்காதவை, என்று டயர் விளம்பரத்தையே பெயராகச் சூட்டியது. 1946 ஜூனில் நியூயார்க்கில் கூடி எதிர் லீக் ஒன்றை அமைத்தவர்களோ பெரும்பாலும் பனிக்கட்டி ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கு பூட்டிக் கிடந்ததே அவர்களுடைய கவலை. ஆட்டக்காரர்கள் ஒரு லீக்கிடம் வந்த விலையை மற்றதிடம் காட்டிப் பேரம் பேசிய மூன்று பருவங்களுக்குப் பின், 1949இல் இவ்விரு லீக்குகளும் இணைந்து என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துக் கழகமாயின. அடுத்த ஆண்டில் ஏர்ல் லாய்டு, சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் ஆகியோர் வழியாகக் கறுப்பின ஆட்டக்காரருக்கும் அக்கழகம் திறந்தது. ஆனால் அதற்குள் நாட்டில் முதன்மையான முதலாளி ஒருவரே என்றாகிவிட்டது.

அந்த ஒரே முதலாளியின் அதிகாரம் மூன்று ஏற்பாடுகளில் தங்கியிருந்தது. முதலாவது டிராஃப்ட்: கல்லூரியை முடித்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும், தேர்ந்தெடுத்த அணியோடு அன்றி வேறு அணியோடு அவர் பேசவே முடியாது. இரண்டாவது வர்த்தகம்: ஒப்பந்தத்தை ஓரணி மற்றோரணிக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஆட்டக்காரரின் இசைவு தேவையில்லை. மூன்றாவதும் நுட்பமானதுமாகிய ஏற்பாடு, பேஸ்பால் உரிமையாளர்கள் 1879 முதலே கையாண்ட தக்கவைப்பு முறையின் வழிவந்த நீட்டிப்புப் பிரிவு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால், பழைய நிபந்தனைகளின்படியே மேலும் ஓராண்டுக்கு அதை நீட்டிக்கும் உரிமையை அப்பிரிவு அணிக்கு வழங்கியது. அந்த ஓராண்டோடு கட்டு அவிழ்ந்துவிடும் என்று ஆட்டக்காரர்கள் வாதிட்டனர். நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருப்பதால் நீட்டிப்புக்கு முடிவே இல்லை என்பதுபோல உரிமையாளர்கள் நடந்துகொண்டனர். சட்டம் எவ்வாறிருப்பினும், வேறெந்த அணியும் அவரை விலைக்குக் கேட்பதில்லை என்ற எழுதா உடன்பாடு அதைவிட வலுவாக இருந்தது.

1954இல் பாஸ்டன் ஆட்டக்காரர் பாப் கூசி முன்முயற்சியால் தோன்றிய ஆட்டக்காரர் சங்கத்தை உரிமையாளர்கள் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. சங்கம் தன் பலத்தை முதன்முதலாகக் காட்டிய நாள் 1964 ஜனவரி 14. அன்று பாஸ்டனில் கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் கிழக்கு, மேற்கு என இரு அணிகளாக ஆடும் காட்சி ஆட்டம் நடைபெறவிருந்தது; அதை நாடு முழுவதும் ஒளிபரப்பத் தொலைக்காட்சியும் ஆயத்தமாயிருந்தது. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி கிடைக்காமல் களமிறங்குவதில்லை என்று இரண்டு அணியினரும் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டனர். வெளியே வராவிட்டால் தொழிலே போய்விடும் என்ற பொருளில் லேக்கர்ஸ் உரிமையாளர் தம் ஆட்டக்காரர்களான எல்ஜின் பெய்லருக்கும் ஜெர்ரி வெஸ்டுக்கும் ஆள் மூலம் சொல்லியனுப்பியது அறையிலிருந்தவர்களின் உறுதியைக் கூட்டியதே அன்றிக் குறைக்கவில்லை. ஒளிபரப்பு நேரம் நெருங்க, கழக ஆணையர் வால்டர் கென்னடி வாக்குறுதி அளித்த பிறகே ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கிற்று. அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் ஆஸ்கர் ராபர்ட்சன். மறு ஆண்டில் அவரே சங்கத்தின் தலைவரானார்.

1938 நவம்பர் 24இல் டென்னசி மாநிலத்தில் பிறந்த ராபர்ட்சன், இண்டியானாபொலிஸ் நகரின் கறுப்பினக் குடியிருப்பொன்றில் வறுமையில் வளர்ந்தார். அவர் படித்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி, நகரின் கறுப்பின மாணவரை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைப்பதற்கென்றே 1927இல் திறக்கப்பட்டது. மாநிலப் பள்ளிப் போட்டிகளில் பங்கேற்கவும் அதற்கு 1940களின் தொடக்கம் வரை அனுமதியில்லை. ரே குரோவின் பயிற்சியில் 1955ஆம் ஆண்டு மாநிலப் பட்டத்தையும், மறு ஆண்டில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மீண்டும் அதே பட்டத்தையும் அப்பள்ளி வென்றது. வென்ற அணி நகர மையத்திலுள்ள நினைவுச்சின்னத் திடலில் கொண்டாடுவது வழக்கமாயிருக்க, 1955இல் அட்டக்ஸ் மாணவர்களை ஏற்றிய வண்டி அத்திடலை ஒரு சுற்றுச் சுற்றியபின் கறுப்பினத்தவர் வாழும் பகுதியின் பூங்காவுக்குத் திருப்பிவிடப்பட்டது. முதுமையிலும் ராபர்ட்சன் இதை மறக்கவில்லை. அவர் பின்னாளில் காட்டிய விட்டுக்கொடாமையின் வேரை அந்தப் பூங்காவில் தேடுவது பொருத்தமே.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்காக ஆடிய மூன்று பருவங்களிலும் நாட்டிலேயே மிகுதியான புள்ளிச் சராசரி அவருடையதே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் இணைத்தலைவராகவும் இருந்தார். அந்நாளைய விதியின்படி, ஓரணி தன் முதல் தேர்வு வாய்ப்பை விட்டுக்கொடுத்துத் தன் வட்டாரக் கல்லூரியின் ஆட்டக்காரர் ஒருவரை நேரடியாக உரிமை கொள்ளலாம். அவ்வாறே சின்சினாட்டி ராயல்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. எந்தக் கல்லூரியில் சேர்வது என்று பள்ளிப் பருவத்தில் செய்த முடிவே அடுத்த பத்தாண்டுகளுக்கு அவருடைய முதலாளியையும் முடிவு செய்துவிட்டது எனலாம். 1961–62 பருவத்தில் அவர் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 30.8 புள்ளிகளும், கூடையில் விழாது திரும்பும் பந்துகளைக் கைப்பற்றும் ரீபவுண்டுகள் 12.5உம், சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் அசிஸ்டுகள் 11.4உம் பெற்றார். மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கச் சராசரி என்னும் இச்சாதனையை மற்றொருவர் எட்ட 2017 ஆயிற்று.

இதற்கிடையே 1967இல் ஏ.பி.ஏ. எனப்படும் அமெரிக்கன் கூடைப்பந்துக் கழகம் எதிர் முதலாளியாக எழுந்தது. சிவப்பு, வெள்ளை, நீல நிறப் பந்தும், தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதியும் அதன் அடையாளங்கள். அரங்குகள் பல வேளைகளில் காலியாகவே கிடந்தன. ஆனால் இத்தொழிலின் வரலாற்றில் அதன் முதன்மை, கையில் காசோலையுடன் இன்னொருவர் வந்து நின்றதில்தான் இருக்கிறது. என்.பி.ஏ.யின் அவ்வாண்டு மிகுபுள்ளியாளர் ரிக் பேரி ஓக்லாந்துக்குப் போகக் கையெழுத்திட்டார். நீட்டிப்பு ஆண்டு முடியும்வரை அவர் அங்கே ஆடக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தபோதிலும், ஓராண்டு சும்மா இருந்துவிட்டு அவர் ஆடியதால், அந்த ஓராண்டுக்கு மேல் கட்டு நிலைக்காது என்பதும் வெளிப்பட்டது. எதிர்த்திசையிலும் பெயர்ச்சி நிகழ்ந்தது. டென்வரிலிருந்து சியாட்டிலுக்கு வந்த ஸ்பென்சர் ஹேவுட், பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவர் ஆடக்கூடாது என்ற என்.பி.ஏ. விதியை எதிர்த்து 1971இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். அறுபதுகளின் நடுவில் சுமார் 20 ஆயிரம் டாலராக இருந்த சராசரி ஆண்டூதியம், எழுபதுகளின் நடுவில் ஒரு லட்சத்தைத் தாண்டிச் சென்றது. இந்தச் செலவைத் தாங்கமாட்டாத இரு கழகங்களும் இணைந்துவிட எண்ணின.

இணைப்பு நிகழ்ந்தால் 1949க்குப் பிந்திய நிலையே திரும்பும் என்பதைச் சங்கமும் அதன் வழக்கறிஞர் லாரி ஃப்ளைஷரும் உணர்ந்திருந்தனர். 1970 ஏப்ரல் 16இல் நியூயார்க்கின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அன்றிருந்த 14 அணிகளின் சங்கப் பிரதிநிதிகள் 14 பேரும் வாதிகள். பின்னாளில் செனட்டராகிய பில் பிராட்லியும் பாஸ்டனின் ஜான் ஹாவ்லிசெக்கும் அவர்களுள் அடங்குவர். போட்டியை ஒடுக்கும் கூட்டுச் சதிகளைத் தடைசெய்யும் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின்கீழ், இணைப்பையும் டிராஃப்டையும் நீட்டிப்புப் பிரிவையும் அவர்கள் ஒருசேர எதிர்த்தனர். பேஸ்பாலுக்கு உச்ச நீதிமன்றம் 1922இலேயே அச்சட்டத்திலிருந்து விலக்களித்திருந்தது. கூடைப்பந்துக்கு அத்தகைய விலக்கு இல்லாததுதான் வாதிகளின் நல்வாய்ப்பு. 1972இல் பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் தோற்ற அதே போராட்டத்தில் ராபர்ட்சன் தோற்காமைக்கு இவ்வேறுபாடே முதற்காரணம்.

இணைப்புக்கு நீதிமன்றம் உடனே இடைக்காலத் தடை விதித்தது. உரிமையாளர்கள் நாடாளுமன்றத்தை நாடிச் சட்ட விலக்குக் கேட்டபோது ராபர்ட்சன் செனட் குழுவின் முன் தோன்றி எதிர்த்துச் சாட்சியம் அளித்தார், விலக்கு கிடைக்கவில்லை. வழக்குத் தொடர்ந்த அதே மாதத்தில்தான் ராயல்ஸ் அவரை மில்வாக்கி பக்ஸுக்கு மாற்றியது. முன்னதாகத் தம்மைப் பால்டிமோருக்கு அனுப்பும் முயற்சியை, தம் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற்றிருந்த இசைவு நிபந்தனையைக் கொண்டு அவர் தடுத்திருந்தார். மில்வாக்கியில் பின்னர் கரீம் அப்துல்-ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டருடன் இணைந்து 1971இல் தம் ஒரே என்.பி.ஏ. பட்டத்தை வென்றார். 1,040 ஆட்டங்களில் 26,710 புள்ளிகளோடு அவர் 1974இல் ஓய்வு பெற்றபோதும் வழக்கு முடிந்திருக்கவில்லை.

வழக்கை விசாரித்த நீதிபதி ராபர்ட் கார்ட்டர், கறுப்பினத்தவர் உரிமை அமைப்பின் வழக்கறிஞராக இருந்து, பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு வழக்கில் வாதாடியவர். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய என்.பி.ஏ.யின் மனுவை அவர் 1975 பிப்ரவரியில் நிராகரித்த விதமே தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பதை உரிமையாளர்களுக்கு உணர்த்திவிட்டது. 1976இல் சமரசம் ஏற்பட்டது. அதன்படி, புதியவர்களின் முதல் ஒப்பந்தம் தவிர மற்றவற்றில் நீட்டிப்புப் பிரிவு நீங்கியது. டிராஃப்டில் தேர்ந்தெடுத்த அணியின் உரிமை ஓராண்டாகக் குறுகியது. சுமார் 500 ஆட்டக்காரர்களுக்கு 43 லட்சம் டாலர் இழப்பீடாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூனில் இணைப்பும் நடந்தேறியது. டென்வர், இண்டியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஆகிய நான்கு அணிகளும் தலைக்கு 32 லட்சம் டாலர் செலுத்தி என்.பி.ஏ.யில் சேர்ந்தன. சேர்த்துக்கொள்ளப்படாத செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள், ரொக்கத்தோடு அந்நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருவாயில் ஏழிலொரு பங்கையும் காலவரையறையின்றி எழுதி வாங்கினர். அன்று அற்பமெனக் கருதப்பட்ட அப்பங்கைப் பெருமளவு மீட்க, 2014இல் என்.பி.ஏ. 50 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஒப்பந்த வரிகளின் வலிமையை ஆட்டக்காரர்களைவிட நன்கு பயன்படுத்திக்கொண்டவர்கள் இவ்விருவரே. சேர்க்கைக்கான செலவைச் சமாளிக்க நெட்ஸ் அணி தன் தலையாய ஆட்டக்காரர் ஜூலியஸ் எர்விங்கை 30 லட்சம் டாலருக்குப் பிலடெல்பியாவுக்கு விற்றது. சமரசம் ஏற்பட்ட ஆண்டிலேயே இவ்விற்பனையும் நிகழ்ந்தது.

சமரசம் முழு விடுதலையன்று. முதல் ஐந்தாண்டுகளில், ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் ஆட்டக்காரருக்கு ஈடாக, அவரை ஏற்கும் அணி பழைய அணிக்கு ஏதேனும் தரவேண்டும். இரு அணிகளும் உடன்படாவிட்டால் ஆணையர் முடிவு செய்வார். 1978இல் மார்வின் வெப்ஸ்டர் சியாட்டிலிலிருந்து நியூயார்க்குக்குத் தம் விருப்பப்படி சென்றபோது, அதற்கு ஈடாக லானி ஷெல்டன் நியூயார்க்கிலிருந்து சியாட்டிலுக்குத் தம் விருப்பம் கேட்கப்படாமலே அனுப்பப்பட்டார். அதன்பின் வந்த முறையில், வெளியார் கொடுக்கும் விலையைத் தானும் கொடுத்து ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் முன்னுரிமை பழைய அணிக்கு இருந்தது. எதிர்க் கழகமும் மறைந்துவிட்டதால் நெருக்குவதற்கு வேறு கருவியின்றி, 1983இல் சங்கம் வருவாயில் 53 விழுக்காட்டைப் பெற்றுக்கொண்டு, ஓரணி கொடுக்கக்கூடிய மொத்த ஊதியத்துக்கு வரம்பு கட்டும் முறைக்கு இசைந்தது. சமரசத்தின் காலம் 1987இல் முடிந்து மற்றொரு வழக்குத் தொடரப்பட்ட பிறகே, நெடுநாள் ஆடியவர்கள் நிபந்தனையின்றி அணி மாறலாம் என்று 1988இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வாறு சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குச் சென்ற டாம் சேம்பர்ஸ், அவ்வுரிமையை முதன்முதலில் பயன்படுத்தியவர். ராபர்ட்சன் ஆட்டத்தை விட்டு அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வரலாற்றில் கணக்குத் தீராமல் நின்றவர்கள் ஏ.பி.ஏ.யின் பழைய ஆட்டக்காரர்கள். அவர்களுடைய கழகம் இருந்ததால்தான் என்.பி.ஏ. ஆட்டக்காரரின் ஊதியம் உயர்ந்தது. இணைப்பைத் தடுத்த வழக்குக்குப் பேரம் பேசும் பலமும் அதனால்தான் கிடைத்தது. ஆயினும் இணைப்பில் சேராத அணிகளோடு வேலை முடிந்துபோன பலருக்கு ஓய்வூதியம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. 2022இல்தான், உயிருடன் இருந்தவர்களுள் மூன்று ஆண்டுகளேனும் ஆடிய சுமார் 115 பேருக்காக என்.பி.ஏ.யும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து 2 கோடியே 45 லட்சம் டாலரை ஒதுக்கின.